வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் போன் நம்பராக இருந்தால் என்ன ஆகும்?

போன மாதம் மதுரையில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். போய் இறங்கியதுமே அத்தை ஆரம்பித்துவிட்டார்: "சாயங்காலம் ஆனா நெட்டு நகரவே மாட்டேங்குதுப்பா. சீரியல் பாதியில நின்னு சுத்திக்கிட்டே இருக்கு." கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம் இரண்டு முறை புகார் சொல்லியிருக்கிறார். ஆள் வந்து பார்த்துவிட்டு, லைனில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது உண்மைதான். போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்கிற பட்டியலைப் பார்த்தேன். 14 வரி இருந்தது. வீட்டில் இருப்பதோ அத்தை போன், மாமா போன், ஹால் டிவி, அத்தை மகளின் லேப்டாப், அப்புறம் என் போன்.

"பாஸ்வேர்டு என்ன அத்தை வச்சிருக்கீங்க?"

"மாமா நம்பர்தான். மாட்டிட்டுப் போன பையன் வச்சது."

இதே பதிலை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். ஃபைபர் மாட்ட வருகிறவருக்கு அன்றைக்கே இன்னும் பல வீடு பாக்கி இருக்கும், வீட்டுக்காரர் மறக்காத ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அதனால் வைஃபையின் பெயர் வீட்டுக்காரர் பெயராகவும் பாஸ்வேர்டு அவருடைய போன் நம்பராகவும் ஆகிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வைத்தது அப்படியே வருடக்கணக்கில் நிற்கிறது. அந்த நம்பரோ பால்காரரிடம் இருக்கிறது, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் இருக்கிறது, தெரு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு பையன் விளையாட்டாக அடித்துப் பார்த்து உள்ளே போய்விட்டால் போதும், ஆண்ட்ராய்டு போனில் வைஃபையைப் பகிரும் கியூஆர் கோடு ஒன்று வரும், அடுத்தவன் அதை ஸ்கேன் செய்துகொள்வான். அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் வெறும் எழுத்தாகத்தான் இருக்கிறது, பல போன்களில் கோடுக்குக் கீழேயே எழுதியும் காட்டிவிடும். ஒருவருக்குக் கொடுத்தது ஒன்பது பேருக்குப் போய்ச் சேர இவ்வளவுதான் வழி.

பட்டியலில் 14 என்று பார்த்ததும் 9 பேர் திருட்டுத்தனமாக இருக்கிறார்கள் என்று நானும் முடிவு கட்டிவிடவில்லை. சில ரவுட்டர்கள் நேற்று வந்துபோன போனைக்கூட இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் கொடுக்கின்றன, அதனால் நம் வீட்டுப் போனே அடையாளம் தெரியாத பெயரில் நிற்கலாம். அத்தையும் நானுமாக வீட்டில் உள்ள ஒவ்வொன்றிலும் வைஃபையை அணைத்தோம், ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து போட்டோம், ஐந்து நிமிடம் கழித்து என் போனை மட்டும் இணைத்துப் பட்டியலைத் திறந்தோம். என் போனைத் தவிர ஆறு கருவிகள் தாமாகத் திரும்பி வந்திருந்தன. சாயங்காலம் ஆறே கால் மணி. சந்தேகம் இருக்கிறவர்கள் தங்கள் வீட்டில் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும். யார் உங்கள் வைஃபையில் இருக்கிறார்கள் என்று சொல்லும் ஆப்களும் இதே பட்டியலைத்தான் வேறு வண்ணத்தில் காட்டுகின்றன.

தெரிந்தவர்கள் ஊகிப்பது ஒரு பக்கம். முன்பின் தெரியாத ஒருவருக்கும் போன் நம்பர் பாஸ்வேர்டு ஒரு தடையே இல்லை. அது ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா அறிவுரையும் தானாக விளங்கிவிடும்.

இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது டபிள்யூபிஏ2 என்கிற பாதுகாப்பு முறை, 2004-ல் வந்தது. இதில் உங்கள் போன் ரவுட்டரோடு சேரும்போது பாஸ்வேர்டைக் காற்றில் அனுப்புவதில்லை. இரண்டும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக்கொள்ளும், அந்த எண்களைப் பாஸ்வேர்டோடு சேர்த்து ஒரு கணக்குப் போடும், விடையை மட்டும் ஒன்றுக்கொன்று காட்டும். விடை பொருந்தினால் இரண்டு பக்கமும் ஒரே பாஸ்வேர்டு இருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் நான்கே செய்திகள், ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் வைஃபை என்பது காற்றில் போகிற ரேடியோ அலை, எட்டும் தூரத்தில் நிற்கிற யார் வேண்டுமானாலும் இந்த நான்கு செய்திகளையும் பதிவு செய்துகொள்ளலாம். யாரும் புதிதாக இணையும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். டபிள்யூபிஏ2-வில் "தொடர்பைத் துண்டித்துக்கொள்" என்று ரவுட்டர் சொல்லும் செய்தி பெரும்பாலும் முத்திரை இல்லாத கடிதம் மாதிரிதான், யாரும் ரவுட்டர் பெயரில் அனுப்பலாம், உங்கள் போன் நம்பி விலகிவிட்டு உடனே மறுபடி இணையும். அப்போது பதிவு செய்துவிடுவார்கள்.

அதற்கப்புறம் அவர் உங்கள் தெருவிலேயே இருக்க வேண்டியதில்லை. பதிவை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய், கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு அதே கணக்கைச் செய்து, விடை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஏடிஎம் கார்டுக்கு மூன்று தடவை தப்பான பின் அடித்தால் கார்டு முடங்கிவிடும். இங்கே அப்படி முடக்க யாரும் இல்லை, ஏனென்றால் இந்த முயற்சியெல்லாம் அவருடைய மேசையில் நடக்கிறது, உங்கள் ரவுட்டருக்கு இது நடப்பதே தெரியாது.

இதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்காமல் இல்லை. ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்க வேண்டுமானால் ஒரே கணக்கை 4,096 தடவை திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும் என்று வேண்டுமென்றே கடினமாக்கி வைத்தார்கள். ஆனால் இன்றைக்கு வீடியோ கேம் ஆடுவதற்கென்று கடையில் விற்கும் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, அந்த 4,096 சுற்றையும் சேர்த்தே, நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுக்கு மேல் சோதித்துவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். இந்திய மொபைல் நம்பர் 10 இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு இலக்க எண் என்றால் 100 நொடியில் முடிந்துவிடும். அந்த எட்டு இலக்கமும் பிள்ளையின் பிறந்த தேதி என்றால், நூறு வருடத்துத் தேதிகளும் சேர்ந்தே நாற்பதாயிரத்தைத் தாண்டாது, கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2021-ல் இஸ்ரேலில் இடோ ஹூர்விச் என்கிற பாதுகாப்பு ஆய்வாளர் டெல் அவிவ் தெருக்களில் சுற்றி 5,000 வைஃபைகளின் தகவல்களைப் பதிவு செய்து, வீட்டில் வைத்து உடைத்துப் பார்த்தார். ஏறக்குறைய 70 சதவீதம் உடைந்தன. அந்த ஊரிலும் நிறையப் பேர் தங்கள் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாக வைக்கிறார்கள் என்பதைக் கவனித்துத்தான் அவர் இந்தச் சோதனையில் இறங்கினார், உடைந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படி நம்பர்களாகவே இருந்தன.

சரி, என்ன வைப்பது? வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்துவரை இருக்கலாம், அந்த நீளத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாகச் சேர்த்து அடித்தால் போதும். அண்டா, நாரை, சீயக்காய், தண்டவாளம் என்கிற மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்.) பத்தாயிரம் சொல் இருக்கிற பட்டியலிலிருந்து நான்கு சொல்லைக் குலுக்கல் முறையில் எடுத்தால், அதே கிராஃபிக்ஸ் கார்டு எல்லாச் சேர்க்கையையும் சோதித்து முடிக்க 300 வருடத்துக்கு மேல் ஆகும். குலுக்கல் என்பது முக்கியம். நாமாக யோசித்தால் மனசு பழகிய பக்கமே போகும், அம்மா அப்பா முருகன் மதுரை என்று வந்து நிற்கும். தடியான ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு இடத்தில் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். குறள் அடியோ சினிமாப் பாட்டு வரியோ வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த வரிகளை உடைக்கிறவர்களும் பட்டியலாக வைத்திருப்பார்கள். பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, கடைசியில் 123 என்று சிக்கலாக்கத் தேவையே இல்லை. டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு அதை ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

பாஸ்வேர்டு மாற்றுகிற அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை எது என்று கேட்கும் இடம் இருக்கும். டபிள்யூஇபி என்று இருந்தால் உடனே மாற்றுங்கள், அது 2001-லேயே உடைந்துவிட்டது. டபிள்யூபிஏ2, அதோடு ஏஇஎஸ் என்கிற மறையாக்க முறை, இது குறைந்தபட்சம். டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. 2018-ல் வந்த இந்த முறையில், காற்றில் போவதைப் பதிவு செய்து வீட்டுக்கு எடுத்துப்போய் உடைக்கிற வேலை நடக்காது, ஒவ்வொரு ஊகத்துக்கும் உங்கள் ரவுட்டரோடு நேரடியாகப் பேசித்தான் ஆக வேண்டும். அந்த முத்திரை இல்லாத கடிதப் பிரச்சினையும் இதில் இல்லை. பழைய டிவி, பழைய கேமரா சில இதில் சேராது, அப்போது இரண்டும் கலந்த அமைப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கலந்து வைத்தால் பழைய வழியும் திறந்தே இருக்கும், அதனால் நீளமான பாஸ்வேர்டு அப்போதும் தேவை.

இவ்வளவு செய்த பிறகும் பின்வாசல் ஒன்று திறந்திருக்க வாய்ப்பு உண்டு. அதன் பெயர் டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு அடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக, 8 இலக்கப் பின் ஒன்றை அடித்தாலே இணைந்துவிடலாம் என்று கொண்டுவந்த வசதி, அந்தப் பின் நம்பர் ரவுட்டர் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி சாத்தியம், போதும் என்றுதான் தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபொக் என்பவர் இதில் ஒரு ஓட்டையை வெளியிட்டார். எட்டையும் மொத்தமாகச் சரிபார்க்காமல், முதல் நான்கு இலக்கம் தப்பு என்றால் ரவுட்டர் அங்கேயே சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ முந்தின ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது, ஊகிக்கவே வேண்டாம். ஆக முதல் பாதிக்கு 10,000 முயற்சி, இரண்டாம் பாதிக்கு 1,000 முயற்சி, மொத்தம் 11,000. எண் சுழற்றும் பெட்டிப் பூட்டில் ஒவ்வொரு சக்கரமும் சரியான இடத்துக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுத்தால் எப்படியோ அப்படி. சில மணி நேரத்தில் பின் கிடைத்துவிடும், பின் கிடைத்தால் உங்கள் நான்கு சொல் பாஸ்வேர்டை ரவுட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். புதிய ரவுட்டர்களில் சில தப்பு முயற்சிக்குப் பிறகு தடுக்கும் ஏற்பாடு உண்டு, ஆனாலும் நான் எந்த வீட்டுக்குப் போனாலும் டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்துவிட்டுத்தான் வருவேன்.

சிலர் வேறு மாதிரி உழைக்கிறார்கள். வைஃபை பெயர் பட்டியலில் தெரியாதபடி மறைத்து வைப்பார்கள், அல்லது குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிப்பார்கள். இரண்டும் பக்கத்து வீட்டுச் சின்னப் பையனை வேண்டுமானால் தடுக்கும். மறைத்த பெயரை உங்கள் போனே இணையும்போது காற்றில் சொல்லிவிடுகிறது, மேக் முகவரியும் மறைப்பில்லாமல் போவதால் அதைப் பார்த்து நகல் எடுப்பது ஒரு நிமிட வேலை. அந்த நேரத்தை வேறு ஒன்றுக்குச் செலவிடுங்கள்: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு.

நிறையப் பேர் குழம்புகிற இடம் இது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழைந்து செட்டிங்ஸை மாற்ற உதவும் பாஸ்வேர்டு வேறு. முதலாவது வாசல் சாவி என்றால் இரண்டாவது பீரோ சாவி. முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே, அட்மின் அட்மின் என்று விட்டுவிடுகிறார்கள். அத்தை வீட்டில் நான் உள்ளே போனதும் அதை வைத்துத்தான். அந்த ஆறு பேரில் யாராவது நினைத்திருந்தால், எந்த இணையதளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ்-ஐ மாற்றி, வீட்டில் எல்லோரையும் போலிப் பக்கங்களுக்குத் திருப்பிவிட முயன்றிருக்கலாம். இதை மிகைப்படுத்தவும் வேண்டாம், வங்கித் தளங்களும் ஆப்களும் தனியாக மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன, வைஃபையில் இருப்பதாலேயே உங்கள் வங்கிப் பாஸ்வேர்டை யாரும் படித்துவிட முடியாது. ஆனால் வீட்டுக் கேமரா, பிரிண்டர், பகிர்ந்து வைத்த ஃபோல்டர் எல்லாம் உள்ளே இருக்கிறவர் நம்மவர் என்கிற நம்பிக்கையில்தான் இயங்குகின்றன.

மாற்றாத அட்மின் பாஸ்வேர்டு தெருவோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கிய மிராய் என்கிற மால்வேர், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது அறுபத்துச் சொச்சம் கம்பெனிப் பாஸ்வேர்டுகளை வரிசையாக அடித்துப் பார்த்துத்தான். அடுத்த வருடம் ஜூலையில் நம் நாட்டில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்ததும் அதே மாதிரி மாற்றப்படாத பாஸ்வேர்டால்தான். அட்மின் பக்கத்தில் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

"யாரோ நாலு பேர் படம் பாத்துட்டுப் போகட்டுமே, நமக்கு என்ன குறைஞ்சுது?" என்று மாமா கேட்டார். மனசு நல்ல மனசு. அவருக்கு நான் 2008-ல் நடந்ததைச் சொன்னேன். அந்த ஜூலை 26-ல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள், ஆனால் பல நாள் விசாரணைக்கு உட்பட்டவர் அவர்தான். அந்த செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் போயிருந்தது. ஐபி முகவரி ஒரு கனெக்‌ஷனைத்தான் காட்டும், கனெக்‌ஷன் மாமா பெயரில் இருக்கிறது, முதல் கேள்வி மாமாவிடம்தான் வரும்.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சை நேரத்தில் டேட்டா தீர்ந்துபோன பிள்ளைக்கு வைஃபை கொடுப்பது நல்ல காரியம். அதற்கென்றே பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது, வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு, இணையம் மட்டும் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியாது. சில மலிவான பெட்டிகளில் இந்தப் பிரிப்பு பெயருக்குத்தான் இருக்கும். ஒரு போனைக் கெஸ்ட்டில் இணைத்து, உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்க முகவரியை அடித்துப் பாருங்கள், லாகின் பக்கம் திறந்தால் பிரிப்பு சரியில்லை. என் கருத்தில் கேமரா, ஸ்மார்ட் பல்பு மாதிரியான பொருட்களையும் கெஸ்ட்டில் வைப்பதுதான் நல்லது, அவற்றுக்கு ஒழுங்காக அப்டேட் வருவதில்லை. யார் நெட்டை எடுத்தாலும் பில் நம்முடையது, பொறுப்பும் நம்முடையது, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம், வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் பாதிக்கப்படாது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்த பெட்டி சரியாக எட்டவில்லை என்று சொந்தமாக நல்ல ரவுட்டர் வாங்கி மாட்டுவார்கள், பாஸ்வேர்டெல்லாம் புதிதாக வைப்பார்கள், ஆனால் பழைய பெட்டியின் வைஃபை பழைய பெயரில், பழைய போன் நம்பர் பாஸ்வேர்டோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்க வேண்டும்.

அத்தை வீட்டில் எல்லாவற்றையும் மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் டிவிக்கே போயிற்று. கெஸ்ட் பாஸ்வேர்டை ஒரு சின்னச் சீட்டில் எழுதி பிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன், வீட்டுப் பாஸ்வேர்டை மாமாவின் டைரியில் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். மறுநாள் காலையில் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுப் பையன் படியேறி வந்தான். "பாட்டி, நேத்து ராத்திரியிலிருந்து நெட்டு வரல" என்றான். பிளஸ் டூ படிக்கிற பையன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிரிட்ஜில் இருந்த சீட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"ஒன்பது மணிக்கு மேல சீரியல் ஓடும்டா, அப்ப மட்டும் போட்டுறாத."